ஓட்டை எங்கே இருக்கு? வாண்டுகளைக் கேளுங்க!

ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும்?

ஹெட்மாஸ்டருக்கா? கரஸ்பாண்டென்ட்டுக்கா? வருஷத்துக்கு ஒருமுறை காரில் வந்து இறங்கி, டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டு, ரிஜிஸ்டரைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரிக்கா?

ஊஹும்! கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறதே ஒரு வாண்டு... அதற்குத்தான்!

எந்த ஃபேன் 'கடகட'வென்று ஆடுகிறது, எந்த ஸ்விட்ச்சைத் தொட்டால் ஷாக் அடிக்கும், எந்த பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தப் பெரிய கிளாஸ் அண்ணன் டிபன் பாக்ஸைப் பிடுங்குவான், எந்த சாரிடம் தனியாகப் போய் நிற்கக் கூடாது... எல்லாமே அவர்களுக்கு அத்துப்படி. ஒரே ஒரு சிக்கல், அவர்களிடம் யாரும் கேட்பதில்லை! அவர்களாக வந்து சொன்னாலும், "பெரியவங்க பேசும்போது நடுவுல என்ன பேச்சு? போய்ப் படிக்கிற வழியைப் பாரு" என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

அதனால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? முழுகியிருக்கிறது. இரண்டு ஓட்டைகளின் கதையைக் கேளுங்கள்.

இரண்டு ஓட்டைகள்

2012 ஜூலை 25-ம் தேதி. சென்னை தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறது ஒரு ஸ்கூல் பஸ். பஸ்ஸின் தரையில் ஓர் ஓட்டை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சின்னப் பெண் அந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்துபோனாள். தமிழ்நாடே பதறியது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகளே அந்த வருஷம் பிறந்தன.

விதிகள் நல்ல விதிகள்தான். ஆனால் ஒரு கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. தினமும் காலையும் மாலையும் அந்த பஸ்ஸில் போய்வந்த பிள்ளைகளின் கண்ணில் அந்த ஓட்டை படாமலா இருந்திருக்கும்? "பஸ் எப்படி இருக்கு கண்ணு?" என்று ஒரே ஒருவர் கேட்டிருந்தால்?

அடுத்த ஓட்டை, கேரளா, வயநாடு, சுல்தான் பத்தேரி. 2019 நவம்பர் 20-ம் தேதி. ஓர் அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு அறை. தரையோரம் ஒரு பொந்து. பத்து வயதுச் சிறுமியின் கால் அந்தப் பொந்தின் பக்கம் போக, உள்ளே இருந்த பாம்பு கடித்துவிட்டது.

ஆசிரியர்கள் அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை, அப்பா வருகிற வரை காக்க வைத்தார்கள், நேரம் போய்விட்டது. குழந்தை பிழைக்கவில்லை.

இது வெளியே எப்படி வந்தது தெரியுமா? அவளோடு படித்த பிள்ளைகள் சொன்னதால்! யூனிஃபார்மோடு டிவி மைக்குகள் முன்னால் நின்று, "பாம்பு கடிச்சிருக்குன்னு சொன்னோம், கேட்கலை... கிளாஸுக்குள்ளே செருப்புப் போட விடமாட்டாங்க..." என்று அந்தச் சின்னப் பிள்ளைகள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசியதை நாடே பார்த்தது. ஆசிரியர் சஸ்பெண்ட் ஆனார். கோர்ட் தலையிட்டது. மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் புதரை வெட்டி, பொந்தை அடைக்கிற வேலை நடந்தது.

ஒரு குழந்தை போன பிறகு மைக் நீட்டினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் அதே பிள்ளைகளிடம் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி, "உங்க கிளாஸ்ல என்னென்ன சரியில்லை, எழுதுங்க" என்று கேட்டிருந்தால்? 'பொந்து' என்று மூன்றெழுத்து எழுதியிருப்பார்கள். ஒரு சட்டி சிமென்ட்டில் முடிந்திருக்கும் காரியம்.

இதில் மனதைப் பிசைகிற இன்னொரு விஷயம் அந்தத் தேதி. ஐ.நா. சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது 1989 நவம்பர் 20-ம் தேதி. அதாவது வயநாட்டில் அந்தக் குழந்தை இறந்த அன்றைக்கு உடன்படிக்கைக்குச் சரியாக முப்பது வயது! அதன் பன்னிரண்டாவது ஷரத்து என்ன சொல்கிறது? குழந்தையைப் பாதிக்கிற எந்த விஷயத்திலும் தன் கருத்தைச் சொல்ல அதற்கு உரிமை உண்டு; வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்குப் பெரியவர்கள் மதிப்புக் கொடுத்தாக வேண்டும். இந்தியாவும் 1992-ல் இதை ஏற்றுக்கொண்டது. காகிதத்தில் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது!

லீடரின் ஒரே வேலை

நம் பள்ளிகளில் மாணவர் தலைவர்கள் இல்லையா? இருக்கிறார்களே! கிளாஸ் லீடர், ஸ்கூல் பியூபில் லீடர், ஹவுஸ் கேப்டன்... சட்டையில் பளபளவென்று பேட்ஜ் வேறு.

அந்த கிளாஸ் லீடரின் வேலை என்ன? டீச்சர் வெளியே போனதும் சாக்பீஸை எடுத்து, 'பேசியவர்கள்' என்று போர்டில் தலைப்புப் போட்டு, பெயர்களை எழுதுவது! கொஞ்சம் கூடப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு இன்ட்டு மார்க். ரொம்பப் பேசினால் இரண்டு.

சிரிப்பாக இருக்கிறதல்லவா? ஆனால் யோசித்துப் பாருங்கள். மாணவர்களின் பிரதிநிதிக்கு நாம் கொடுத்திருக்கிற ஒரே அதிகாரம், பேசுகிறவனைக் காட்டிக்கொடுக்கிற அதிகாரம்! பன்னிரண்டு வருஷம் இப்படிப் பழக்கிவிட்டு, "ஏம்மா, இவ்வளவு நாளா நடந்திருக்கு... ஏன் எங்ககிட்டச் சொல்லலை?" என்று கேட்டால் அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லும்?

சொல்லிப் பழகாத பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய நாளில் வாய் வராது. ஆனால் வாய் திறந்த ஒரு பெண் என்ன செய்தாள் என்பதற்கு ஓர் அசல் கதை இருக்கிறது. நடந்த இடம் அமெரிக்கா.

பிரின்ஸிபாலையே ஏமாற்றிய பதினாறு வயது!

வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். கறுப்பினப் பிள்ளைகளுக்கான மோட்டன் பள்ளியை 1939-ல் கட்டியபோது 180 பேருக்கு என்று கணக்கு. 1951-ல் படித்தவர்கள் 450-க்கும் மேல்!

இடம் போதவில்லை என்றதும் நிர்வாகம் என்ன செய்தது? மரச்சட்டம் அடித்து, மேலே தார்க் காகிதத்தைச் சுற்றி மூன்று கொட்டகை போட்டுக் கொடுத்தது. பார்ப்பவர்கள் கோழிக்கூண்டு என்று கேலி செய்தார்கள். மழை பெய்தால் உள்ளே ஒழுகும். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு வியர்க்கும். தள்ளி உட்கார்ந்தவன் கோட்டைக் கழற்றாமல் நடுங்குவான். பெற்றோர் போய்க் கேட்டார்கள், பிரின்ஸிபால் போய்க் கேட்டார். 'பார்க்கலாம்... பார்க்கலாம்' என்பதுதான் பதில். (எந்த ஊரானால் என்ன, நிர்வாகம் நிர்வாகம்தான்!)

பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண் தன் மியூசிக் டீச்சரிடம் போய்ப் புலம்பினாள். டீச்சர் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நீயே ஏதாவது செய்யக் கூடாதா?

அந்தக் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. சில சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் ரகசியமாகத் திட்டம் போட்டாள். 1951 ஏப்ரல் 23-ம் தேதி பிரின்ஸிபாலுக்கு ஒரு போன் வந்தது. ஊரில் பஸ் ஸ்டேஷனில் அவர் பள்ளிப் பிள்ளைகள் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டதாகத் தகவல். பாவம், மனுஷன் பதறியடித்துக்கொண்டு ஓடினார். அவர் தலை மறைந்ததும் எல்லா வகுப்புக்கும் ஒரு சீட்டுப் போனது. 'அனைவரும் ஹாலுக்கு வரவும்.' பிரின்ஸிபால் அனுப்பியது போலவே இருந்தது!

ஹாலில் திரை விலகியது. மேடையில் பிரின்ஸிபாலைக் காணோம். நின்றது பார்பரா! ஆசிரியர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, கூடியிருந்த மாணவர்களிடம் பேசினாள். ஒழுங்கான பள்ளிக்கூடம் கட்டித் தருகிற வரை வகுப்புக்குப் போவதில்லை என்றாள். மொத்தப் பள்ளியும் அவள் பின்னால் வெளியே நடந்தது. ஸ்ட்ரைக் இரண்டு வாரம்!

கறுப்பின மக்களின் உரிமைக்காக வாதாடிய வக்கீல்களுக்குக் கடிதம் போட்டாள். அவர்கள் வந்தார்கள். "புதுக் கட்டடம் கேட்டு வழக்குப் போட மாட்டோம். இனத்தின் பெயரால் பிள்ளைகளைப் பிரிப்பதே தப்பு என்று வழக்குப் போடுவதானால் சொல்லுங்கள்" என்பது அவர்கள் நிலை. பிள்ளைகள் சம்மதித்தார்கள். 117 மாணவர்களின் பெயரில் வழக்குத் தாக்கலானது. அதோடு வேறு ஊர்களின் வழக்குகளும் சேர்ந்து, 1954 மே 17-ம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பள்ளிகளில் இனப் பாகுபாடு செல்லாது! ஐந்து வழக்குகள் சேர்ந்த அந்தத் தீர்ப்பில், மாணவர்களே கிளம்பி ஆரம்பித்த வழக்கு இது ஒன்றுதான்.

இதோடு 'சுபம்' போட ஆசைதான். ஆனால் பேசியதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புக்காக பார்பராவை வேறு மாநிலத்தில் இருந்த அப்பாவின் சகோதரர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரின்ஸிபால் வேலை போனது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கவிடுவதை விடப் பள்ளியையே மூடுவது மேல் என்று, 1959-லிருந்து ஐந்து வருஷம் அந்த வட்டாரத்தின் பொதுப் பள்ளிகளை இழுத்து மூடினார்கள்!

பார்பரா பிற்பாடு லைப்ரரியன் ஆனார். 1991-ல் காலமானார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி லீயின் சிலையை 2020 டிசம்பரில் எடுத்தார்கள். லீ, அடிமை முறையைக் காப்பாற்றப் போர் நடத்திய படையின் தளபதி. அவர் இடத்துக்கு அந்த மாநிலம் யாரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? பார்பரா ஜான்ஸை!

"நான் பிரதம மந்திரி!"

"அமெரிக்காவெல்லாம் இருக்கட்டும் சார், நம்ம நாட்டுல?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதுவும் ஆடு மேய்க்கிற பிள்ளைகள் நடத்தியது!

ராஜஸ்தானில் திலோனியா என்ற கிராமம். அங்கே பங்கர் ராய் 1972-ல் தொடங்கிய 'வெறுங்கால் கல்லூரி' பிரசித்தம். பகலெல்லாம் ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளுக்காக இவர்கள் இரவுப் பள்ளிகள் நடத்தினார்கள். அந்தப் பள்ளிகளை மேற்பார்வை பார்க்கக் குழந்தைகள் பார்லிமென்ட் ஒன்றையும் ஏற்படுத்தினார்கள். ஓட்டுப் போடுவது 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள். கல்வி மந்திரி உண்டு, மின்சார மந்திரி உண்டு, சுகாதார மந்திரி உண்டு. 150 பள்ளிகளை, 7,000 பிள்ளைகளின் படிப்பை இவர்கள்தான் கண்காணித்தார்கள் என்று பங்கர் ராய் 2011-ல் ஒரு மேடையில் சொன்னார்.

அதே மேடையில் அவர் சொன்ன இன்னொரு சம்பவம். இந்தப் பார்லிமென்ட்டுக்கு ஒரு விருது கிடைத்தது. காலையில் இருபது ஆடுகளை மேய்த்துவிட்டு, மாலையில் பிரதம மந்திரியாகிற பன்னிரண்டு வயதுச் சிறுமி ஸ்வீடனுக்குப் போனாள். அதற்கு முன் கிராமத்தைத் தாண்டியதே இல்லை. ஸ்வீடன் மகாராணிக்கு ஆச்சரியம். 'இந்தக் குழந்தைக்கு இவ்வளவு தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது, கேட்டுச் சொல்லுங்கள்' என்றாராம். சிறுமி மகாராணியை நேராகப் பார்த்து, "நான் பிரதம மந்திரின்னு அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றாளாம்!

சபாஷ்! பதவி கொடுத்தால் தலைமேல் ஏறிக்கொள்ளும் என்று நாம் பயப்படுகிறோம். பொறுப்பும் சேர்த்துக் கொடுத்தால் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள்.

வாய் திறக்காத பிள்ளை?

சரி, பார்பராவுக்குத் துணிச்சல் இருந்தது. அந்த ராஜஸ்தான் சிறுமிக்குப் பதவி இருந்தது. வகுப்பில் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் வாயே திறக்க மாட்டார்களே, அவர்கள்?

இதற்கு வழி காட்டியது நார்வே. 1982 கடைசியில் அந்த நாட்டின் வடக்கே மூன்று சிறுவர்கள் அடுத்தடுத்துத் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கேலியும் அடாவடியும்தான் காரணம் என்று தெரிய வந்ததும் நாடே அதிர்ந்தது. அடுத்த வருஷமே நாடு தழுவிய முயற்சியில் இறங்கியது அரசாங்கம். டான் ஓல்வியஸ் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். பெயர் எழுத வேண்டாம். யாராவது உன்னைத் தொந்தரவு செய்கிறார்களா? எத்தனை நாளாக? எங்கே? யாரிடமாவது சொன்னாயா?

நம்மூரில் பரீட்சைக் கேள்வித்தாளைக் கண்டு பிள்ளைகள் நடுங்குவார்கள். அங்கே விடைத்தாளைக் கண்டு பெரியவர்கள் நடுங்கினார்கள்! அந்த விடைகளை வைத்துக்கொண்டு இடைவேளையில் ஆசிரியர்களின் கண்காணிப்பைக் கூட்டினார்கள். வகுப்புதோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விதிகளைப் பேசினார்கள். பெர்கன் நகரில் 42 பள்ளிகளில் சுமார் 2,500 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், இரண்டு வருஷத்தில் இந்த அடாவடி பாதியாகக் குறைந்திருந்தது.

ஒரு காகிதம், பெயர் கேட்காத சில கேள்விகள். அவ்வளவுதான் ஆரம்பம்.

ஹெட்மாஸ்டர் குற்றவாளிக் கூண்டில்!

போலந்து நாட்டின் வார்சா நகரில் 1912-ல் திறந்த ஓர் அநாதை இல்லம். நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக் என்ற குழந்தை வைத்தியர். அங்கே ஒரு கோர்ட் இருந்தது. நீதிபதிகள் பிள்ளைகளே. யார் மேலும் யாரும் வழக்குப் போடலாம், பெரியவர்கள் உள்பட!

ஆறே மாதத்தில் கோர்ச்சாக் மேலேயே ஐந்து வழக்குகள். ஒரு பையனைக் காதில் அறைந்தது, ஒருவனைத் தூங்கும் அறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு பெண் திருடியிருப்பாளோ என்று சந்தேகப்பட்டது... ஐந்தாவது என்ன தெரியுமா? நீதிபதியை அவமதித்தது! அத்தனைக்கும் பிள்ளைகள் முன்னால் நின்று பதில் சொன்னார் மனிதர். அந்தக் கோர்ட்டின் சட்டத்தில் முக்கால்வாசி ஷரத்துகளுக்கும் மேல் மன்னிப்பைப் பற்றியவை.

1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்த இல்லத்தின் சுமார் இருநூறு பிள்ளைகளைக் கொலைக்களத்துக்குக் கொண்டு போனார்கள். தப்பிக்க வழியிருந்தும் கோர்ச்சாக் தப்பவில்லை. பிள்ளைகளோடு கூடவே போனார். தன் மேல் வழக்குப் போட உரிமை கொடுத்தவர்தான் கடைசி வரை அவர்களைக் கைவிடாதவர்.

நம்ம வீட்டுக் கதை

தமிழ்நாட்டுக்கு வருவோம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2003-லேயே தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தியாகிவிட்டது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம், 'அடிக்காதே, மனதையும் புண்படுத்தாதே' என்று பதினேழாவது பிரிவில் சொல்கிறது. 2012-ன் போக்சோ சட்டம் இன்னும் கறார். தன் கீழ் வேலை செய்கிற ஒருவர் குழந்தையிடம் தவறாக நடந்தது தெரிந்தும் பள்ளிப் பொறுப்பாளர் போலீஸில் சொல்லாமல் மறைத்தால், ஒரு வருஷம் வரை அவரே கம்பி எண்ணலாம். 'ஸ்கூல் பேரு கெட்டுடும், நமக்குள்ளே பேசி முடிச்சுக்கலாம்' என்பதற்கே அங்கு இடமில்லை.

சொல்வதற்கு வழிகளும் உண்டு. குழந்தைகள் உதவிக்கு 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவிக்கு 14417. அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்ற பெட்டியும் வைத்தார்கள். என்ன அழகான பெயர் பாருங்கள்!

ஆனால் பெட்டி வைத்தால் போதுமா? நாங்குநேரியை மறக்க முடியுமா?

2023 ஆகஸ்ட் மாதம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வராமல் நின்றுவிட்டான். சாதியைச் சொல்லிச் சக மாணவர்கள் கொடுத்த தொல்லை தாங்கவில்லை. பள்ளியில் விசாரித்தார்கள். நடந்ததைச் சொன்னான். புகார் ஆனது. அன்று இரவே அரிவாளோடு வீடு தேடி வந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு.

கவனியுங்கள். அந்தப் பையன் 'சொல்லவில்லை' என்று யாரும் குறை சொல்ல முடியாது. சொன்னான். சொன்னதைக் கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் சொன்னவனைக் காப்பாற்ற யாரிடமும் ஏற்பாடு இல்லை!

இருவரும் பிழைத்தார்கள். கை முழுக்கக் காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மாணவன், 2024 பிளஸ் டூ தேர்வில் 600-க்கு 469 மார்க் வாங்கினான். அவனை நினைத்துப் பெருமைப்படுகிற அதே நேரத்தில் நம்மை நினைத்து வெட்கப்படவும் வேண்டியிருக்கிறது.

இதையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதி அடையாளக் கயிறுகளுக்குத் தடை, பள்ளிப் பெயரில் சாதி ஒட்டு கூடாது என்பதெல்லாம் பத்திரிகைகளில் பெரிதாக வந்தன. அதே அறிக்கையில் இன்னொரு பரிந்துரையும் உண்டு. பெரிய பள்ளிகளில் நல அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். பிள்ளைகளின் புகாரைக் கேட்டுக் கவனிப்பது அவர் வேலை. கயிற்றை அறுப்பதை விட இது கஷ்டமான வேலை. அதனால்தான் இது முக்கியமான வேலை.

எப்படிக் கேட்பது?

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெரிய செலவில்லை. கொஞ்சம் மனசு வேண்டும், கொஞ்சம் மூளை வேண்டும்.

பெட்டியை மாட்டுகிற இடத்தைப் பாருங்கள். ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் மாட்டினால் எந்தப் பிள்ளை போடும்? "என்னடா எழுதிப் போட்டே? யாரைப் பத்தி?" என்று பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். அதற்கு ஒரு சுலபமான தந்திரம், மாதம் ஒருநாள் எல்லோருமே போட வேண்டும் என்று வைத்துவிடுவது! சொல்ல ஒன்றும் இல்லாதவன் வெறும் காகிதத்தை மடித்துப் போடட்டும். பூ படம் வரைந்து போடட்டும். நாற்பது காகிதத்தில் அந்த ஒரு காகிதம் யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

சாவி யாரிடம்? புகார் ஹெட்மாஸ்டர் மேலேயே இருந்து, சாவியும் அவர் பாக்கெட்டில் இருந்தால்? இரண்டு பூட்டுப் போடுங்கள். ஒரு சாவி பள்ளியில். இன்னொன்று பெற்றோர் தரப்பில் ஒரு தாயிடம்.

படம் வரையச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, 'பயமில்லாத இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு' என்று கலர் அடிக்கச் சொன்னால் போதும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பு வாண்டுகூட அடித்துவிடும். ஐம்பது பிள்ளைகள் ஒரே மாடிப்படித் திருப்பத்தில் சிவப்பு அடித்திருந்தால், ஹெட்மாஸ்டர் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது.

பதில் சொல்லுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நோட்டீஸ் போர்டில் இரண்டு பத்தி எழுதுங்கள். 'நீங்கள் கேட்டது: பாத்ரூம் தாழ்ப்பாள். செய்தது: புதன்கிழமை போட்டாச்சு.' 'நீங்கள் கேட்டது: விளையாட்டுக்கு இன்னும் ஒரு பீரியட். செய்ய முடியவில்லை, காரணம் இது.' முடியாது என்பதும் ஒரு பதில்தான். பதிலே வராத பெட்டியில் இரண்டாவது மாதம் மிட்டாய்த் தாள்தான் விழும். ஆனால் போர்டில் எழுதலாமா கூடாதா என்று பார்த்து எழுத வேண்டும். தாழ்ப்பாளை போர்டில் போடலாம். ஒரு பிள்ளையின் துயரத்தைப் போடக் கூடாது. அதற்குத் தனியாக, ரகசியமாக, சட்டப்படி நடவடிக்கை.

"எல்லாம் சரிங்க... கண்டிக்கிற வாத்தியாரைப் பிடிக்கலைன்னா பொய்ப் புகார் எழுதிப் போட்டுட மாட்டானா?" இது ஆசிரியர்கள் பலரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. புகார் என்பது தீர்ப்பு அல்ல. விசாரிக்கத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் கேட்கத்தான் வேண்டும். ஒருவன் பொய் எழுதுவான் என்பதற்காக முப்பத்தொன்பது பேரின் வாயை அடைப்பதுதான் கூடாது. அதோடு, பிள்ளைகள் நிஜமாகவே மதிக்கிற ஆசிரியர் யார் என்பதும் அதே பெட்டியில் தெரிந்துவிடும். அந்தக் காகிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்!

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. "இன்னிக்கு என்ன நடத்தினாங்க? ஹோம்வொர்க் என்ன? எத்தனை மார்க்?" இந்த மூன்று கேள்வியோடு நம் விசாரணை முடிந்துவிடுகிறது. நாலாவதாக ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். "இன்னிக்கு ஸ்கூல்ல எதுக்காவது பயந்தியா கண்ணு?" கேட்டுவிட்டு, அது பேசி முடிக்கிற வரை டிவியையும் செல்போனையும் அணைத்து வைத்துவிட்டு உட்காருங்கள். "இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை சொல்லாது.

ஆசிரியர்களே... கிளாஸ் லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போடுகிறானா? போடட்டும், பெயர்களையும் எழுதட்டும். பிரம்பை மட்டும் மேஜைக்கு உள்ளே வைத்துவிட்டு, அந்தப் பட்டியலில் இருப்பவர்களைக் கூப்பிட்டு ஒன்று கேளுங்கள்.

"என்னப்பா பேசிக்கிட்டிருந்தீங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்!"